சுரூபத்துக்குப் பின்னால் இருந்த போத்தல்

நெடுந்தீவு மேற்கு,
10.06.2025, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜெயந்தாவுக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. பேனையை எடுக்கமுதல் எழும்பிப் போய் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். டிலோன் மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் பாயில் வாயைத் திறந்தபடி நித்திரை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், இரைச்சல் இல்லை. அன்ரனிட்டா வாசலில் இருந்து பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருக்கிறாள்.

உமக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். கலியாணத்துக்கு முதல் வந்த அந்தக் கடிதத்தைச் சேர்க்கவேண்டாம். அதை எழுதித் தந்தது இராயப்பு அண்ணை, நான் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன். பத்து வருடம் கழித்துச் சொல்கிறேன், கோபிக்காதேயும். இன்றைக்கு அவரை எழுதித் தரச் சொல்லிக் கேட்க ஏலாது. இது நானே எழுதவேண்டிய கடிதம்.

உமக்கு இரண்டு தெரு தள்ளி வேலை செய்கிற கஜனி நாளைக்குத் திரும்பவும் மஸ்கட் போகிறாள். அவளிடம் கொடுத்துவிட்டால் வியாழக்கிழமை உம்முடைய கையில் கிடைக்கும் என்று சொன்னாள். பாரைக் கருவாடும் ஒரு பொதி வைத்திருக்கிறேன், கடிதம் மணந்தால் அதனால்தான். வெள்ளிக்கிழமைகளில் நீர் எடுக்கிற பத்து நிமிடத்தில் இதைச் சொல்ல முடியாது. போன் கையில் வந்தவுடன் பிள்ளைகள் இரண்டும் என் மடியில் ஏறிவிடுவார்கள். இது அவர்களுக்குக் கேட்கச் சொல்கிற விஷயம் இல்லை.

டிலோனுக்குச் சளிக்காய்ச்சல் கூடி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தோம் என்று சொன்னேன் அல்லவா? அது காய்ச்சல் இல்லை. அவன் மண்ணெண்ணெய் குடித்துவிட்டான். கொடுத்தது அன்ரனிட்டா. வைத்தது நான்.

இருந்துகொண்டு வாசியும். அவனுக்கு இப்போது ஒன்றும் இல்லை. போன கிழமை திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். எக்ஸ்றே படம் எடுத்துப் பார்த்த டொக்டர் நெஞ்சு தெளிந்துவிட்டது, இனிப் பயப்பட வேண்டாம் என்றார். கோழிக்குப் பின்னால் ஓடுகிறான், கல்வேலியில் ஏறுகிறான், நேற்று என் காதைக் கடித்தான். இப்போது உம்முடைய உதவி வேண்டியிருப்பது அன்ரனிட்டாவுக்கு. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை முழுவதும் தெரிந்தால்தான் உம்மால் உதவ முடியும்.

தை மாதம் நீர் மஸ்கட்டுக்குப் புறப்பட்டுக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸுக்கு நின்றபோது, நீர் அழப்போகிறீர் என்று நான் கைலேஞ்சியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். நீர் மண்ணெண்ணெயைப் பற்றிக் கதைத்தீர். "மண்ணெண்ணெயைப் பிள்ளையள் கை எட்டாத இடத்தில வையுங்கோ. மறந்துபோகாதேங்கோ," என்று இரண்டு தரம் சொன்னீர். நான் அதைக் கேட்காமல் விட்டேன் என்று நினையாதேயும். கேட்டேன். கேட்டதால்தான் இது வந்தது.

பெரிய கான்களை வலைக்கொட்டிலுக்குள் பூட்டித்தான் வைத்தேன். ஆனால் எஞ்சின் பிளக் துடைக்க, எஞ்சின் சாமான் கழுவ ஒரு சின்னப் போத்தல் எப்போதும் கையோடு வேண்டும். அதை முதலில் கொட்டில் கூரை வளையில் செருகி வைத்தேன். டிலோன் வலைக் குவியலில் ஏறப் பழகிவிட்டான். பிறகு குசினியில் உயர்ந்த தட்டில் வைத்தேன். அவன் கதிரையை இழுத்து வரப் பழகிவிட்டான். ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் யாரும் கண்டபடி கை வைக்காத இடம் எது? அந்தோனியார் நிற்கிற தட்டு. டிலோன்கூட அதற்குக் கிட்டப் போனால் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பான், நீர் பழக்கிய பழக்கம் அது. சுரூபத்துக்குப் பின்னால், சுவரோடு சேர்த்துப் போத்தலை வைத்தேன். போத்தலின் கழுத்தில் டியூப் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டேன், எனக்கு அடையாளம் தெரிய. என்னுடைய மூளையை நானே மெச்சிக்கொண்டேன், ஜெயந்தா.

சித்திரையில் கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி வீடு பார்க்க வந்தவர். கிணற்று மூடியைத் தூக்கிப் பார்த்தார், சுவரில் கரண்டுப் பிளக் ஓட்டைகளைப் பார்த்தார், மீன் வெட்டுகிற கத்தி எங்கே, எலி மருந்து எங்கே என்று கேட்டார். வாளியில் தண்ணீர் நிறைத்து விடவேண்டாம் என்றார். எல்லாம் பார்த்துவிட்டு, தாய் இல்லாத வீடு என்று சொல்ல ஏலாது என்று என்னைப் புகழ்ந்தார். பிறகு சுரூபத்துக்கு முன்னால் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பின்னால் பார்க்க அவருக்கு எப்படித் தோன்றும்?

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு விஷயத்தை மறந்துபோனேன். ஒன்று, நீர் போகும்போது மெழுகுதிரி ஏற்றுகிற வேலையை அன்ரனிட்டாவிடம் கொடுத்துவிட்டுப் போனீர். தினமும் கதிரையில் ஏறி அந்தத் தட்டைத் துடைத்துப் பூ வைக்கிறவள் அவள்தான். மற்றது, கச்சதீவுத் திருநாளில் இருந்து கொண்டுவந்த தீர்த்தம் நிற்பதும் அதே தட்டில்தான். அதுவும் தண்ணீர்ப் போத்தல், இதுவும் தண்ணீர்ப் போத்தல், ஒரே கடையில் வாங்கியவை. காய்ச்சல் என்றால் ஒரு மூடி, இருமல் என்றால் ஒரு மூடி, கெட்ட கனவு கண்டால் ஒரு மூடி என்று நீர் கொடுப்பீர். உம்மைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அந்த மூடியில் குடித்தவன்தானே.

மே இருபதாம் திகதி, இன்றைக்குச் சரியாக மூன்று கிழமை. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தொழிலுக்குப் போகவில்லை. பின்னேரம் பூவரசுக்குக் கீழே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். டிலோனுக்கு இரண்டு நாளாக இருமல். அன்ரனிட்டா கதிரையில் ஏறி, கும்பிட்டு, தீர்த்தம் என்று நினைத்து அந்தப் போத்தலை எடுத்திருக்கிறாள். முன்னால் இருந்ததை எடுக்காமல் பின்னால் இருந்ததை ஏன் எடுத்தாள் என்று பிறகு கேட்டேன். முன்னால் இருந்தது முடியப் போகிறது, அம்மா வருமட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாளாம். ஒரு மூடி கொடுத்தாள். அவன் இருமினான். ஒன்று போதாது என்று இன்னொரு மூடி கொடுத்தாள்.

மணக்கவில்லையா என்று நீர் கேட்பீர். நானும் அதைத்தான் கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "மணந்தது அப்பா. உங்கட மணம் எண்டு நினைச்சன்."

நான் யோசித்துப் பார்த்தேன். என்னுடைய சேட்டு மண்ணெண்ணெய், என்னுடைய கை மண்ணெண்ணெய், நான் குழைத்துக் கொடுக்கிற சோற்றிலும் அது இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது தகப்பனுடைய மணம். அதைக் கண்டு ஏன் பயப்படப் போகிறாள்? அன்றையில் இருந்து சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன், நகத்துக்குள்ளும் தேய்க்கிறேன்.

அவள் ஓடிவந்து தம்பி ஒரு மாதிரி இருமுகிறான் என்றாள். போய்ப் பார்த்தால் மூச்சு எடுக்கத் தெரியாமல் திணறுகிறான், உதட்டில் நீலம். வாயை மணந்து பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி அக்கா தேங்காய்ப்பாலோடு ஓடிவந்தார், குடிக்கக் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்கவேண்டுமாம். நானும் தொண்டைக்குள் விரலை விடப் போனேன். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதானே. நல்லகாலம், அக்காவின் மகள் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துவிட்டாள். ஒன்றும் கொடுக்கவேண்டாம், சத்தி எடுக்க வைக்கவே வேண்டாம், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்று சொன்னார்கள். சத்தி எடுத்தால் வயிற்றில் கிடப்பதும் நெஞ்சுக்குள் போகுமாம். அந்தப் போன் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் என் கையாலேயே முடித்திருப்பேன். இதை அங்கே உம்மோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிவையும். எல்லாரும் ஊரில் குஞ்சுகளை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே.

இங்கே ஒட்சிசன் வைத்துவிட்டு, அக்கரை கொண்டுபோகத்தான் வேண்டும் என்றார் டொக்டர். ஆஸ்பத்திரிப் படகு வேறொரு நோயாளியோடு போயிருந்தது. எங்கள் வள்ளத்தில் போனோம். இராயப்பு அண்ணை எஞ்சினைப் பிடித்தார், நேர்ஸ் பிள்ளை சிலிண்டரைப் பிடித்தது, நான் டிலோனைப் பிடித்தேன். சோளகக் கடல் உமக்குத் தெரியும். முக்கால் மணித்தியாலமும் அந்த எஞ்சின் குடித்ததும் மண்ணெண்ணெய்தான். எனக்கு வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலில் தலை சுற்றியது. நான் அழுதேன், ஜெயந்தா. மறைக்க என்ன இருக்கிறது? நேர்ஸ் பிள்ளை பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பாரமானது. வள்ளம் ஏறமுதல், இங்கே டொக்டர் யார் கொடுத்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். "பிள்ளை தானாய் எடுத்துக் குடிச்சிட்டான்," என்றேன். அன்ரனிட்டா என்னுடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் உண்மை இல்லை. சுரூபத் தட்டில் மண்ணெண்ணெய் வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம். ஆனால் அவள் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டாள். அப்பாவே பொய் சொல்லி மறைக்கிற அளவுக்கு நான் செய்தது பெரிய பாவம் என்று நினைத்துவிட்டாள். நான் வள்ளம் ஏறிப் போய்விட்டேன். அந்த நினைப்போடு ஆறு நாள் ஞானசவுந்தரி அக்கா வீட்டில் இருந்திருக்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்த நாள் டிலோன் அக்கா என்று அன்ரனிட்டாவிடம் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். அவள் பின்னால் தள்ளிப்போய்ச் சுவரோடு நின்றாள். இன்றைக்கு வரைக்கும் அவனைத் தூக்கவில்லை. ஒரே பாயில் படுத்தவள், இப்போது தனிப் பாய் விரிக்கிறாள். எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முதலில் மணந்து பார்க்கிறாள். அவன் தண்ணீர் கேட்டால் குசினிக்குள் போகமாட்டாள், என்னைக் கூப்பிடுகிறாள். கதிரையில் ஏறுவதில்லை. மெழுகுதிரியை நான்தான் ஏற்றுகிறேன், பூ வைக்க எனக்குத் தெரியாது, அந்தோனியார் பூ இல்லாமல் நிற்கிறார். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஏழு வயதில் மறக்கத் தெரியாது போலிருக்கிறது.

ஒருநாள் செபம் முடிந்தபிறகு கேட்டாள். "அப்பா, அந்தோனியார் பாத்துக்கொண்டுதானே நிண்டவர். அவர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவருக்குப் பின்னால வச்சது நான், பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள். நம்பவில்லை. டொக்டருக்குச் சொன்ன மாதிரித் தனக்கும் ஒரு பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். அவள் மேலே பிழையில்லை.

சரி, எல்லாருக்கும் முன்னால் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியில் நின்ற சனத்துக்கு முன்னால், அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, நான்தான் வைத்தேன், பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். என்ன ஏச்சு வரப்போகிறதோ என்று நின்றேன். இராயப்பு அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னுடைய வீட்டில் எலிப்பாசாணம் செபஸ்தியாருக்குப் பின்னால் இருக்கிறது என்றார். ஞானசவுந்தரி அக்கா பிரஷர்க் குளிசையை மாதாவின் காலடியில் வைக்கிறாராம். இன்னொருவர் பெயின்ரர்மார் விட்டுப்போன தின்னரைச் சொன்னார். நாங்கள் எல்லாரும் ஒரே மூளைக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவாமியார் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எல்லாரும் இப்பவே வீட்டுக்குப் போய்ச் சுரூபத் தட்டைத் துடையுங்கோ என்று மட்டும் சொன்னார்.

அன்ரனிட்டா வீட்டுக்கு வருகிற வழியில், "எல்லாரும் எனக்காகத்தான் அப்பிடிச் சொல்லினம்," என்றாள். அவ்வளவுதான்.

வீட்டை இப்போது நீர் பார்த்தால் சிரிப்பீர். கொட்டிலுக்குள் ஒரு மரப்பெட்டி அடித்து, மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரித் தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் செபமாலையோடு கோத்திருக்கிறேன். எரிபொருள் இனித் தண்ணீர்ப் போத்தலில் இல்லை. அலுமாரிக்கும் கொக்கி வைத்துவிட்டேன். அங்கே நீர் பிள்ளை பார்க்கிற வீட்டில் அலுமாரிக்கெல்லாம் கொக்கி, படிக்குக் கதவு, பிள்ளை தொடக்கூடியது ஒன்றும் கீழே இல்லை என்று நீர் முதல் மாதம் சொன்னபோது, பிள்ளையை வளர்க்கினமோ மறியல் வீட்டில வச்சிருக்கினமோ என்று பகிடி பண்ணினேன். நீர் வேறு கதைக்குப் போனீர். வேறொருவர் பிள்ளைக்கு நீர் நாள் முழுக்கக் காவல் இருக்க, உம்முடைய பிள்ளைக்கு நான் இப்படிக் காவல் இருந்திருக்கிறேன்.

திரும்பி வாரும் என்று நான் கேட்கவில்லை. வாசித்தவுடன் உமக்கு வரவேண்டும் என்று தோன்றினால் தடுக்கவும் மாட்டேன். அதை நீர் ஆறுதலாக யோசியும். எனக்கு இப்போது வேண்டியது வெள்ளிக்கிழமைப் பத்து நிமிடம்.

போன வெள்ளிக்கிழமைக்கு முதல் வெள்ளி, நீர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்ரனிட்டாவிடம் கேட்டீர். "தம்பிக்குத் தண்ணி குடுத்தனியோ?" ஒவ்வொரு கிழமையும் நீர் கேட்பதும், அவள் ஓம் என்று பெருமையாகச் சொல்வதும் உங்கள் இரண்டு பேருக்கும் செல்லப் பேச்சு. அன்றைக்கு அவள் போனை என் மடியில் போட்டுவிட்டு வளவுக்குள் ஓடிவிட்டாள். லைன் சரியில்லை என்றேன். அது அடுத்த பொய். போன கிழமை நீர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏதோ பிழை என்று உமக்குப் பட்டிருக்கும். தாய் அல்லவா?

இந்த வெள்ளிக்கிழமை அந்தோனியார் திருநாள். பூசை முடிந்து வந்து, மூன்று பேரும் போனுக்குப் பக்கத்தில் இருப்போம். சத்தத்தைக் கூட்டி வைப்பேன். நீர் முதலில் என்னை ஏசிப் பேசும். அவளுக்குக் கேட்கப் பேசும். அந்தத் தட்டில் கொண்டுபோய் அதை வைப்பியளோ, உங்களுக்கு அறிவில்லையோ என்று, நீர் பேசுகிற மாதிரியே, ஒன்றும் குறைக்காமல் பேசும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், ஊர் சொன்னாலும் நம்பமாட்டாள். அம்மா சும்மா ஏசமாட்டா என்று அவளுக்குத் தெரியும். நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பொய்யாக நடிக்க அல்ல, அவ்வளவும் எனக்கு உரிய ஏச்சுத்தான்.

அதற்குப் பிறகு அவளோடு கதையும். தம்பிக்கு இருமினால் ஒரு மூடி கொடு என்று பழக்கியது அம்மாதான், நீ அம்மா சொன்னபடிதான் செய்தாய் என்று சொல்லும். இதைச் சொல்ல இந்த உலகத்தில் உம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் பேசாமல் நின்றால் காத்திரும். பத்து நிமிடமும் போனாலும் போகட்டும், எனக்கென்று ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவேண்டாம்.

அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடமும் குவளையும் வைத்திருப்பேன். அவள் பார்க்க ஊற்றி, முதல் வாய் நான் குடிப்பேன். டிலோன் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பான், அவனுக்கு அவளில் ஒரு கோபமும் இல்லை.

அந்தோனியார் உம்மையும், நீர் பார்க்கிற அந்தச் சின்னப் பிள்ளையையும் காப்பாற்றட்டும். உம்மிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, அதை நீர் வந்தபிறகு நேரில் கேட்பேன். இப்போது இது ஒன்றைத்தான் கேட்கிறேன். போன கிழமை விட்ட அந்தக் கேள்வியை இந்த வெள்ளிக்கிழமை அவளிடம் கேளும், ஜெயந்தா. தம்பிக்குத் தண்ணி குடுத்தனியோ என்று, ஒன்றும் நடக்காத மாதிரி, வழக்கமாகக் கேட்கிற அதே குரலில் கேளும்.

இப்படிக்கு,
உம்முடைய பேச்சுக்குக் காத்திருக்கும்,
மரியநாயகம்.